அடுப்பு மேடைக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே

விசாலாட்சியை எனக்கு முதன்முதலில் காட்டிக்கொடுத்தது ஓர் ஆணி.

அறுபதாம் வருஷம். அந்தமானில், ஷாதிபூரில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஜெபராஜ் சர்க்கார் போட்டில் இன்ஜின் டிரைவர். இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரே பலகைச் சுவர். அந்தப் பக்கம் அவர்கள் அடுக்களை, இந்தப் பக்கம் எங்கள் அடுக்களை. நான் குத்தவைத்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. புதுக் குடித்தனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்றால், என் காதுக்கு நேராகப் பலகையைத் துளைத்துக்கொண்டு ஆணி முனை வந்து நிற்கிறது.

"யாரும்மா அது! இங்கன உசிரோட ஒரு மனுஷி நிக்கேன்!" என்று போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் என் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, பெரிய கண், கையில் அம்மிக் குழவி. அதை வைத்துத்தான் ஆணி அடித்திருக்கிறாள்.

"மன்னிச்சுக்குங்க. தோசைக்கல்லு மாட்டலாம்னு பாத்தேன். அந்தப் பக்கம் வந்துரும்னு தெரியாது."

"போகட்டும் மைனி. காது தப்பிச்சிட்டு," என்றேன்.

"மைனின்னா?"

"எங்க தூத்துக்குடிப் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாயவரத்துக்காரி. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் நான் அவளுக்குச் செல்வி, அவள் எனக்கு மைனி. ஆரோக்கியசெல்வி என்ற என் முழுப் பெயரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அவள் புருஷன் பக்தவத்சலம் ஆபீஸிலிருந்து வந்ததும் விஷயம் தெரிந்து பதறிப்போனார். கிளார்க் உத்தியோகம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். என் வீட்டுக்காரரிடம் குறடு வாங்கிக்கொண்டு போய் ஆணியைப் பிடுங்கினார். துளையில் சோப்பைத் திணித்து, இந்தப் பக்கமும் வந்து தேய்த்து மழுங்கவைத்துவிட்டுச் சொன்னார்: "குவார்ட்டர்ஸ் ரூல்படி சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுங்க. காலி பண்றப்ப செக் பண்ணுவாங்க. நாங்க இருக்கப்போறது ரெண்டு வருஷம். எதுக்கு வம்பு?"

என் பக்கத்துச் சுவரில் மாதா படம், காலண்டர், சல்லடை, கரண்டிச் சட்டம் என்று எல்லாமே ஆணியில்தான் தொங்கின. குட்டை ஆணியாகப் பார்த்து அடித்தால் பலகைக்கே தெரியாது. சர்க்கார் எங்களைத் தூக்கில் போட்டுவிடவில்லை. ஆனால் பக்தவத்சலம் எழுதி வைத்திருப்பதை மீறாத மனுஷர். அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஆணிச் சத்தம் கேட்கவே இல்லை.

ரெண்டு வருஷம். இந்த இரண்டு வார்த்தைகளைத்தான் அவர்கள் கப்பலிலிருந்து முதலில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். ரெண்டு வருஷம்தானே என்று ஐந்து வயது மகளை மாயவரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். குழந்தை பேர் தையல்நாயகி. வீட்டில் தையு. பக்தவத்சலத்தின் அக்கா மரகதத்திடம் வளர்ந்துகொண்டிருந்தாள். மரகதத்துக்குப் பிள்ளை இல்லை.

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் விசாலாட்சி குழந்தையைச் சுவரோரமாக நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை ஒரு நூலால் அளந்து, இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தாள். இங்கிருந்து பாவாடை தைத்து அனுப்புவதற்காம். அந்த நூலை அஞ்சறைப்பெட்டியில் மஞ்சள்பொடிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தாள். வெள்ளை நூல் கொஞ்ச நாளிலேயே மஞ்சளாகிவிட்டது. முதல் வருஷம் ஒரு பாவாடை தைத்து அனுப்பினாள். 'இங்கே எல்லாம் தைத்துவிட்டோம், வீண் சிரமம் வேண்டாம்' என்று நாத்தனார் கடிதம் போட்டார். அதற்கப்புறம் புது அளவு கேட்டு எழுதியபோதெல்லாம் அதே பதில்தான் வந்தது.

ரெண்டு வருஷம் முடிந்தது. மாற்றல் வரவில்லை. எழுதிப் போட்டிருக்கிறேன், வந்துவிடும் என்றார் பக்தவத்சலம். அப்போதுதான் விசாலாட்சி கேட்டாள், குழந்தையை இங்கேயே கூட்டிவந்துவிடலாமே என்று.

அவர் சொன்ன பதில் பலகைச் சுவர் வழியாக எனக்கே கேட்டது. "எங்க படுக்க வைப்ப? இடம் எங்க இருக்கு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே அளவு வீட்டில்தான் இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர் படுத்தோம். என் மூன்று பிள்ளைகளும் ஒருத்தர் மேல் ஒருத்தர் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். இடம் இல்லையாம், இடம்!

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அவர் சொன்னதில் பொய் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது. முன்னறையில் ஒரு கட்டில், அவர் எழுதுகிற மேஜை, இரண்டு டிரங்குப் பெட்டி. மழை ஆரம்பித்துவிட்டால் மேலே தகரம் மூன்று இடத்தில் ஒழுகும். ஒழுகாத இடம் அடுக்களை ஒன்றுதான். அதன் தரை முழுக்கச் சாமான். மெட்ராஸ் கப்பல் பதினைந்து நாளைக்கு ஒரு முறை வந்தால் உண்டு. கடல் சரியில்லை என்றால் ஒரு மாதமும் ஆகும். அதனால் கப்பல் வரும்போதே எல்லாவற்றையும் வாங்கி அடைத்துக்கொள்ள வேண்டும். அரிசி டிரம், பருப்பு டின், புளிப்பானை, மிளகாய் மூட்டை, எண்ணெய் டின், வெங்காயக் கூடை. சுவரில் ஒரு பலகை அடிக்கவும் வழியில்லை. எல்லாம் தரையில் கிடந்தன. விசாலாட்சி நடுவில் ஒற்றைக்கால் வைக்கிற அளவு இடத்தில் நின்று சமைத்தாள்.

யோசனை சொன்னது நான்தான். இன்றைக்கும் அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

"மைனி, சுவத்துல தொட்டாத்தான ரூலு? தன் கால்லயே நிக்க மாதிரி ஒரு ஸ்டாண்டு செஞ்சிருவோம். தரையில கெடக்குறதையெல்லாம் மேல ஏத்திட்டா, அடுப்பு மேடைக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஒரு புள்ள படுக்க எடம் வந்துரும்லா?"

அவள் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து அந்த நூலை எடுத்தாள்.

கஸ்பார் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். படகு கட்டுகிற ஆசாரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்தவர், அடுக்களையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "படகுல இதைவிட எடம் இருக்கும்," என்றார். ஆனால் வேலை என்று இறங்கிவிட்டால் கஸ்பாரண்ணன் வேறு ஆள். மரமில்லில் கழித்துப்போட்ட படாக்குத் துண்டுகளில் நான்கு கால் இழைத்தார். படாக்கு இந்தத் தீவின் சிவப்பு மரம், கரையானுக்கு அசையாது. கப்பலில் சாமான் வந்த பெட்டிகளின் பலகைகளை ஐந்து தட்டாக்கினார். கீழ்த்தட்டு அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். பின்பக்கம் குறுக்காக இரண்டு சட்டம். ஆணியே இல்லை. எல்லாம் துளையும் ஆப்பும். ஆப்பைத் தட்டிக் கழற்றினால் கட்டாகக் கட்டிக் கப்பலில் ஏற்றிவிடலாம்.

"ஊருக்குப் போம்போது இதையும் தூக்கிட்டுப் போயிரலாம் தங்கச்சி. அரிசி டிரம்மு எப்பவும் அடித்தட்டுல இருக்கணும். கனம் கீழ இருந்தா சாயாது. எறக்கும்போது மேல்தட்டுல இருந்து எறக்கணும், மறந்துராதீய."

சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். ஒட்டி வைத்தால் எறும்பு சுவர் வழியாக ஏறிவிடும். நான்கு காலுக்கும் அடியில் நான்கு பால் டின், அதில் தண்ணீர். எறும்பு கீழேயும் வர முடியாது, பக்கத்திலேயும் வர முடியாது.

இடம் குறிக்கும்போதுதான் விசாலாட்சி நூலைப் பிரித்தாள். ஒரு நுனியை அடுப்பு மேடையடியில் நான் பிடித்துக்கொண்டேன். மறு நுனி முடிந்த இடத்திலிருந்து தலையணைக்கு நாலு விரல் விட்டு, "இங்க நிறுத்துங்கண்ணே," என்றாள்.

"இது எந்த வருஷத்து அளவு?"

"நாங்க வந்தப்ப எடுத்தது."

"அப்ப இன்னும் ஒரு அடி தள்ளி வைப்பம். புள்ள வளருமில்லா."

"தள்ளினா பின்வாசல் மறையும். அவருக்குக் கோவம் வரும். இதுபோதும்ண்ணே. அடுத்த கப்பல்ல எழுதிடுவேன், அதுக்கடுத்த கப்பல்ல வந்துடுவா. மிச்சத்த இங்க வந்து வளரட்டும்."

கஸ்பாரண்ணன் என்னைப் பார்த்தார். நான் நூலின் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மூட்டை மூட்டையாகத் தரையில் கிடந்ததெல்லாம் மத்தியானத்துக்குள் தட்டில் ஏறிவிட்டது. புளிப்பானைக்கு ஓரிடம், அப்பளக்கட்டுக்கு ஓரிடம், கண்ணாடிக் குப்பிகள் எல்லாம் வரிசையாக. கீழே பளிச்சென்று சிமெண்டுத் தரை தெரிந்தது. இரண்டு வருஷமாக நாங்கள் பார்க்காத தரை. விசாலாட்சி அதைக் கழுவித் துடைத்துவிட்டு, என் கடைக்குட்டி மகளைக் கூப்பிட்டுப் படுக்கச் சொன்னாள். அவள் கை காலை அகட்டிப்போட்டு மல்லாந்து படுத்துச் சிரித்தாள். விசாலாட்சியும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பக்தவத்சலம் சாயங்காலம் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே இருந்தேன்.

"பாருங்க," என்றாள் விசாலாட்சி. "சுவத்துல ஒரு கீறல் இல்ல. இடமும் வந்துடிச்சு."

அவர் ஸ்டாண்டைப் பார்த்தார். சுவருக்கும் அதற்கும் இருந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். அந்த வெறும் தரையை மட்டும் பார்க்கவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்றார்.

மழைக்காலம் முடிந்ததும், பள்ளிக்கூடம் நடக்கிறது, பரீட்சை முடியட்டும் என்றார். பரீட்சை முடிந்ததும் கடல் சரியில்லை. அடுத்த வருஷம் கூட்டிவர ஆள் துணை கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம், இப்போதோ அப்போதோ மாற்றல் வந்துவிடும், எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்றார். எல்லாவற்றையும் மெதுவான குரலில், பொறுமையாகத்தான் சொல்வார். கத்துகிறவராக இருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

ஒவ்வொரு கப்பலுக்கும் விசாலாட்சி தயாரானாள். கப்பல் வருகிற வாரம் அந்தத் தரையைக் கழுவிவிடுவாள். வாங்கி வந்த சாமான் எவ்வளவு இருந்தாலும் தட்டில்தான் ஏற்றுவாள். கொள்ளவில்லை என்றால் முன்னறையில் கட்டிலுக்கடியில் தள்ளுவாள். அந்த இடத்தில் ஒரு வெங்காயக் கூடையைக்கூட வைத்ததில்லை. ஒருமுறை நான் தெரியாமல் என் முறத்தை அங்கே வைத்துவிட்டேன். எடுத்து என் கையில் கொடுத்தாள்.

காலையில் எழுந்ததும் அவளுடைய முதல் வேலை நான்கு பால் டின்னிலும் தண்ணீர் பார்ப்பது. குறைந்திருந்தால் ஊற்றுவாள். கடல் காற்றில் டின் துருப்பிடித்து ஓட்டை விழும். உடனே வேறு டின் மாற்றுவாள். அந்த டின்களுக்காகவே என் வீட்டுப் பால் டின்னையெல்லாம் நான் கழுவி எடுத்து வைப்பேன். நான் கருவாடு வறுக்கிற அன்று மட்டும், "செல்வி, உன் மீனு எங்க வீட்டு ரசத்துல நீந்துதுடி!" என்று பலகை வழியாகக் குரல் வரும். எங்கள் வீட்டில் குழந்தைகள் சண்டை போடுகிற சத்தம் அதிகமாகிற அன்று அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது.

அறுபத்தாறாம் வருஷம் மே மாதம். மரகதம் தானாகவே எழுதினார், தையுவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அந்தமானையும் ஒருமுறை பார்த்த மாதிரி இருக்கும், அதே கப்பலில் திரும்பிவிடுவோம் என்று. கப்பல் ஒன்பது நாள் துறைமுகத்தில் நிற்கும். விசாலாட்சி கடிதத்தில் முதல் பாதியை மட்டும்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

துறைமுகத்துக்கு நானும் போனேன். இறங்குகிற கும்பலில் விசாலாட்சி இடுப்பு உயரத்துக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பார்க்கவேயில்லை. அவள் தோளுக்கு மேல் வளர்ந்த ஒரு பெண், பாவாடை தாவணி போடுகிற வயது நெருங்கிய பெண், அவளைத் தாண்டிப் போய் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் திரும்பி, இவள்தான் என்று தெரிந்துகொண்டு, கை குவித்துச் சொன்னது:

"வணக்கம், அந்தமான் அம்மா."

மரகதத்தைத்தான் அது அம்மா என்றது. ஊரில் சொல்லிக்கொடுத்து வளர்த்த பேச்சு. பிள்ளை மேல் குற்றம் சொல்ல முடியாது. மதுரை மாமா, திருச்சி சித்தி மாதிரி இது அந்தமான் அம்மா. விசாலாட்சி தையுவின் தலையைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இடத்தில் பாய் விரித்தாள். மரகதம் முன்னறைக் கட்டிலில் தூங்கிவிட்டார். தையு படுத்தாள். கால் நீட்டினால் ஸ்டாண்டின் கால் இடித்தது; டின் தண்ணீர் தளும்பிப் பாதத்தில் பட்டது. சட்டென்று முழங்காலை மடக்கிக்கொண்டாள். நல்ல பெண், ஒரு புகாரும் சொல்லவில்லை. அப்படியே ஒருக்களித்துச் சுருண்டு தூங்கிப்போனாள்.

விசாலாட்சி என்னைக் கூப்பிட்டாள். அஞ்சறைப்பெட்டியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்து, தூங்குகிற குழந்தையின் உச்சியிலிருந்து முதுகு, இடுப்பு, மடக்கிய முழங்கால் என்று தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு போனாள். நூல் முடிந்துவிட்டது. குதிகாலுக்கு இன்னும் இருந்தது. அந்த மிச்சத்தைக் கையால் அளந்தாள். ஒரு சாணும் நாலு விரலும்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் மரகதம் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். கெட்ட மனுஷி இல்லை. அதுதான் கொடுமை.

"கப்பல் ஏறுறப்பவே தம்பி சொல்லிட்டான், 'அக்கா, இவ இனிமே உன் பொண்ணு, திருப்பிக் கேக்க மாட்டேன்'னு. அந்த வார்த்தையிலதான் நான் உசிரோட இருக்கேன். விசாலாட்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவனுக்குத் தெரியல பாரு, பாவம்."

பாவமாம். குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். இடமில்லை, மழை, பரீட்சை, கடல்! ஆறு வருஷமாக அந்த மனுஷன் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் சொன்ன சாக்கை மெய்யென்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு ஸ்டாண்டு செய்துவைத்தோமே நாங்கள் இரண்டு மடச்சிகள்! விசாலாட்சியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மறுநாள் காலையில் போனேன்.

போனால், அவள் ஸ்டாண்டின் மேல்தட்டைக் காலிசெய்துகொண்டிருந்தாள். மரகதமும் குழந்தையும் பக்தவத்சலத்தோடு கடற்கரை பார்க்கப் போயிருந்தார்கள்.

"வா செல்வி, ஒரு கை பிடி. இத நகத்தணும்."

"நகத்துனா பின்வாசல் மறைஞ்சிருமே மைனி."

"மறையட்டும்."

மேலிருந்து கீழாக ஐந்து தட்டையும் இறக்கினோம். குப்பிகள், பானைகள், டின்கள் எல்லாம் மறுபடியும் தரை நிறையப் பரவின. அரிசி டிரம்மை இரண்டு பேருமாக உருட்டினோம். ஸ்டாண்டை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கி வைத்து, அவள் கையளவு பார்த்து நிறுத்தினாள். ஒரு சாண், நாலு விரல். பின்வாசலில் பாதியை ஸ்டாண்டு அடைத்துக்கொண்டது. டின்களில் புதுத் தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி முடிக்கும்போது எங்களுக்கு மூச்சு வாங்கியது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு குழாயடிப் பேச்சை என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று மத்தியானம் தையு பாயில் காலை நீட்டினாள். இடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தாள்.

"அந்தமான் அம்மா! இன்னிக்கு நல்லா கால் நீட்ட முடியுது!"

"நீட்டிக்கடி கண்ணு," என்றாள் விசாலாட்சி.

ஏழு மத்தியானம் அப்படித் தூங்கினாள் அந்தக் குழந்தை. ஏழு மத்தியானமும் விசாலாட்சி அடுப்பு மேடையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணை மூடியதாக எனக்கு நினைவில்லை. ஒன்பதாம் நாள் கப்பல் போய்விட்டது.

துறைமுகத்திலிருந்து திரும்பி நடந்து வரும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "மைனி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மரகதம் அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் செல்வி."

"என்ன தெரியும்?"

"ஸ்டாண்டு வந்த அன்னிக்கே தெரியும். அவரு அந்தத் தரையப் பாக்கவே இல்லையே. நீயும் பாத்தல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு வருஷம்! நாலு வருஷமாக ஒவ்வொரு கப்பலுக்கும் தரையைக் கழுவினாளே, இது தெரிந்துகொண்டா?

"அப்ப எதுக்கு மைனி அந்த எடத்தை அப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருந்தீய?"

அவள் நிற்காமல் நடந்துகொண்டே சொன்னாள். "எப்பவாவது ஒரு நாள் அவளே, 'என்ன ஏன் விட்டுட்டுப் போன'ன்னு கேப்பா. அப்ப இடமில்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாது."

தையு அந்தக் கேள்வியைக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. ஒன்பது நாளில் கேட்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும், 'அன்புள்ள அந்தமான் அம்மாவுக்கு' என்று. அழகான கையெழுத்து, அப்பா மாதிரி.

ஸ்டாண்டை விசாலாட்சி பழைய இடத்துக்குத் தள்ளவே இல்லை. பின்வாசல் பாதி அடைபட்டே கிடந்தது. பக்தவத்சலம் காலையில் குளிக்கப் போகும்போதும், குளித்துவிட்டு வரும்போதும் உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். அவர் தள்ளி வை என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அவரை ஆறு வருஷம் திட்டித் தீர்த்தவள் நான். ஆனால் ஈர வேட்டியோடு அந்த மனுஷர் தன் வீட்டு வாசலிலேயே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து என் கோபம் எங்கேயோ கரைந்துவிட்டது.

எழுபத்திரண்டில் மாற்றல் உத்தரவு வந்தது. மெட்ராஸுக்கு. தையுவுக்கு மாயவரத்தில் மாப்பிள்ளை பார்த்து, தேதியும் குறித்து மரகதம் எழுதியிருந்தார். கல்யாணத்துக்கு இவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டுமாம்.

கஸ்பாரண்ணன் வந்து ஆப்புகளைத் தட்டினார். பத்து வருஷத்துக்குப் பிறகும் படாக்குக் கால்கள் இழைத்த அன்று போலவே இருந்தன. கட்டாகக் கட்டிவிட்டு, "எந்தப் பெட்டியோட ஏத்தணும் தங்கச்சி?" என்று கேட்டார்.

"செல்வி வீட்ல வச்சிடுங்கண்ணே. மெட்ராஸ்ல பெரிய வீடாம். இடத்துக்குக் குறைச்சலே இல்லையாம்," என்றாள்.

குவார்ட்டர்ஸைச் சரிபார்க்க ஒருவர் காகிதமும் பென்சிலுமாக வந்தார். சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். சோப்பு அடைத்த அந்த ஒற்றைத் துளை அவர் கண்ணில் படவில்லை. "தீவார் மே ஏக் பி கீல் நஹி! பஹுத் அச்சா!" என்று வாய்விட்டுப் பாராட்டினார். சுவரில் ஓர் ஆணிகூட இல்லையாம், பன்னிரண்டு வருஷம் குடியிருந்த வீடு மாதிரியே தெரியவில்லையாம். பக்தவத்சலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு பின்பக்கத்தைப் பூட்ட வேண்டும் என்று வாசலுக்குப் போனவர், காலியாகத் திறந்து கிடந்த வாசலில் உடம்பை ஒருக்களித்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

சுவரைப் பார்த்த மனுஷர் தரையைப் பார்க்கவில்லை. அந்தச் சிமெண்டுத் தரையில் பால் டின்கள் துருவேறி நின்ற இடத்தில் நான்கு வட்டங்கள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, பின்வாசல் பக்கமாகத் தள்ளி, இன்னும் நான்கு வட்டங்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத துரு.

விசாலாட்சி முட்டிபோட்டு உட்கார்ந்தாள். பழைய வட்டத்தில் கட்டை விரலை வைத்து, புது வட்டத்தை நோக்கிக் கையை விரித்தாள். அதற்குமேல் நாலு விரலை ஒட்டி வைத்தாள். சரியாக இருந்தது.

"இவ்வளவுதான் செல்வி," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே. "நான் பாக்காம அவ வளந்தது இவ்வளவுதான்."

வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.